வராத துணி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாப்பம்மாளைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் வடக்குப்பட்டில் இன்று அவளைத் தெரிந்தவர்கள் என்று நாலைந்து பேர்தான் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் "அதுவா, அது ஒரு மாதிரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். கேட்டுக்கொண்டிருக்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால் நானே சொல்கிறேன். என் பெயர் ராஜாமணி. இந்தக் கதையில் நான் நல்லவள் இல்லை.

பாப்பம்மாள் எங்கள் ஊர் வண்ணார வீட்டுப் பெண். அவள் புருஷன் நாகப்பன் கழுதைமேல் மூட்டையை ஏற்றி ஏரிக்கு ஓட்டுவான், இவள் பின்னால் நடப்பாள். அறுப்புக்கு அறுப்பு களத்தில் நெல் கொடுப்போம். சாயங்காலமானால் குண்டானோடு வீடு வீடாக வந்து சோறு வாங்கிப் போவாள். முன்வாசலில் வந்ததே கிடையாது. தோட்டத்துப் பக்கம் நின்று "அம்மோவ்" என்று ஒரு குரல் கொடுப்பாள். நாங்களும் அங்கேயே போய்ப் போடுவோம். இதில் என்ன தப்பு என்று அந்த நாளில் யாரும் யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை.

ஊர்ப் பெண்களின் ரகசியம் எதுவும் அவளுக்குத் தெரியாமல் இருக்காது. யாரையும் கேட்டு வாங்கிக்கொள்ள மாட்டாள். துணியைப் பார்த்தாலே அவளுக்குப் போதும். எங்கள் பக்கத்தில் பெண்கள் வீட்டுக்கு விலக்கானால் மூன்று நாள் கட்டிக்கொள்ள மாற்றுச் சேலை கொண்டு வருவது அவள்தான். தீட்டுத் துணியை எடுத்துப் போய் வெளுப்பதும் அவள்தான். எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு எந்த வாரம் என்று மனப்பாடமாக வைத்திருப்பாள். ஒரு மாதம் துணி வரவில்லை என்றால், மருமகள் முழுகாமல் இருப்பது மாமியாருக்கு முன்னால் பாப்பம்மாளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். எனக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளை இல்லை. மாதாமாதம் என் துணியை எடுத்துக்கொண்டு போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் குனிந்தே போவாள். பார்த்தால் நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை ஏக்கத்தில்தான் நான் ஜெபவீட்டுக்குப் போனேன். நித்திய வாசல் ஜெபவீடு என்று பெயர். ஊருக்கு வெளியே, பனைமரங்களுக்கு அந்தப் பக்கம், நீளமான ஓட்டுக் கட்டடம். அதை நடத்தியவர் பாஸ்டர் கோதண்டம். எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குப் பெந்தெகொஸ்தேயை முதன்முதலில் கொண்டு வந்தவர் அவர். குன்றத்தூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்து பிரசங்கம் பண்ணியவர். "என் பேரை மாத்தல, ஆளைத்தான் மாத்திட்டாரு ஆண்டவரு" என்பார். கணீரென்ற குரல். நகை கூடாது, மருந்து மாத்திரை கூடாது, ஊழியத்துக்கென்று வந்து தங்கிவிட்டவர்கள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, அவரும் செய்துகொள்ளவில்லை. எல்லோருக்கும் வெள்ளைத் துணிதான். அவர் என் தலையில் கை வைத்து ஜெபித்த அடுத்த வருஷம் என் மகள் அமலா பிறந்தாள்.

இங்கேதான் நான் செய்த முதல் காரியம் வருகிறது. பிள்ளை பிறந்தால் என் வீட்டிலிருந்து ஓர் ஆளை ஊழியத்துக்குக் கொடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். மாரியம்மனுக்குக் கோழி நேர்ந்துவிட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சாமியை மாற்றிக்கொண்டேன், பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. என்னிடம் கொடுப்பதற்கு யார் இருந்தார்கள்? என் தங்கை மஞ்சுளா இருந்தாள். எங்கள் அம்மா சாகும்போது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பதினெட்டு. என் இடுப்பில் வளர்ந்தவள். எனக்குப் பயந்தவள். அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் வெள்ளைச் சேலை கட்டிக் கொண்டுபோய் ஜெபவீட்டில் விட்டேன். "போறியாடி?" என்று கேட்டேன். "நீ சொன்னா போறேங்க்கா" என்றாள். என் புருஷன் சுப்பிரமணிக்கு இதெல்லாம் பிடிக்காது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் சட்டை செய்யவில்லை.

பாப்பம்மாளும் அந்தச் சபைக்கு வந்தாள். நாகப்பன் செத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில் நின்று பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாஸ்டர் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவள் தலையில் கை வைத்து, "உள்ள வாங்க சகோதரி" என்றார். உள்ளே கூட்டிவந்து எல்லாரும் உட்கார்ந்திருந்த கோரைப்பாயிலேயே, எனக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் அதைக் கவனித்தாள். அன்று முழுக்க அழுதுகொண்டே இருந்தாள். பிறகொரு நாள் என்னிடம் சொன்னாள்: "என்னை 'வாங்க'ன்னு யாரும் கூப்ட்டதில்லம்மா. நாகப்பன்கூட கூப்ட்டதில்ல."

அவள் தினமும் நின்று துணி துவைக்கிற ஏரியிலேயே அவளுக்கு ஞானஸ்நானம் ஆனது. ஞானம்மா என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அவளை "சிஸ்டர் ஞானம்மா" என்பேன். திங்கட்கிழமை தோட்டத்துப் பக்கம் வந்து நின்றால் "ஏ பாப்பம்மா" என்பேன். அவள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் திரும்பிப் பார்ப்பாள். கோதண்டத்தை நான் இன்றைக்கு எவ்வளவோ வைகிறேன், வாயில் வந்ததெல்லாம் சொல்கிறேன். ஆனால் அவளைப் பாயில் உட்கார வைத்தது அந்த ஆள்தான், நாங்கள் யாரும் இல்லை. அந்தப் பாய் அவளுக்கு எவ்வளவு பெரிசு என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

ஜெபவீட்டுக் கிணறு உப்புக் கிணறு. அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணி மஞ்சளித்துப்போகும். அதனால் அங்கே தங்கியிருந்த ஐந்து சிஸ்டர்களின் துணியும் செவ்வாய்க்கிழமைதோறும் பாப்பம்மாளிடம் ஏரிக்குப் போகும். எல்லாம் ஒரே வெள்ளை என்பதால் யார் துணி எது என்று தெரிய ஓரத்தில் சேங்கொட்டைக் கறையால், வெளுத்தாலும் போகாத குறி போட்டிருப்பாள். மஞ்சுளாவுக்கு ஒரு கோடு, இரண்டு புள்ளி.

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் போலீஸ் நுழையாத ஊர் இல்லை. வெளியூர்க்காரன் யாராவது தங்கினானா, எவன் வந்தான், எவன் போனான் என்று வீடு வீடாக விசாரித்தார்கள். ஏப்ரலில் ஜெபவீட்டில் கூட்டம் நடந்தபோது வெளியூர்ப் பிரசங்கிமார்கள் வந்து தங்கியிருந்தார்கள். அதனால் அங்கேயும் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சபையில் சொன்னார்: "இது சாத்தானோட காலம். சபை விஷயம் ஒரு வார்த்தை வெளிய போனாலும் நம்ம எல்லாரையும் அள்ளிக்கினு போயிடுவாங்க. வாயைக் கட்டுங்க." நாங்களும் கட்டினோம். ஊரே பயந்துகிடந்தது, அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். அமலா உள்ளே தூங்குகிறாள். நான் தோட்டத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். பாப்பம்மாள் வந்து நின்றாள். குரல் கொடுக்கவில்லை.

"இன்னா பாப்பம்மா, இன்னும் சோறு வடிக்கல" என்றேன்.

"சோத்துக்கு வரலம்மா." சுற்றுமுற்றும் பார்த்தாள். "மஞ்சுளாம்மா துணி மூணு மாசமா வரல."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி பேசினேன். "அவங்க உபவாசம் இருக்கறவங்க. ஒடம்பு எளைச்சா நாள் தள்ளிப்போவும்."

"ஒரு மாசம்னா நானும் அப்படித்தான் வுட்டிருப்பேன். தலகாணி ஒறைல வாந்திக் கறை கீதும்மா. பாவாடை நாடால முடிச்சு போடுற எடம் ரெண்டு வெரக்கடை தள்ளிப் போயிக்கீது. இத்தினி வருஷத்துல எனக்கு ஒருவாட்டி தப்பினதில்ல."

நான் யார் என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அந்த வூட்ல ஆம்பள ஒருத்தர்தானேம்மா."

அவ்வளவுதான். கையிலிருந்த முறத்தை வீசினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுக்கச் சொல்ல எனக்கே நாக்கூசுகிறது. "வண்ணாத்தி புத்திய காட்டிட்ட பாத்தியா? பாயில உக்கார வெச்சா தலைமேல ஏறுவியா? ஊர் அழுக்கைத் தொவைக்கிறவளுக்கு எல்லாம் அழுக்காத்தான் தெரியும்" என்றேன். இன்னும் சொன்னேன். அவள் நகராமல் நின்றாள்.

"திட்டும்மா. எவ்ளோ வேணா திட்டு. திட்டி முடிச்சிட்டு போயி அந்தப் பொண்ணக் கூட்டிக்கினு வந்துடு. மருந்தில்லாத வூடு அது. இப்பவே கூட்டிக்கினு வந்தா ஆஸ்பத்திரில எதனா பண்ணுவாங்க. நாள் ஏறிப்போச்சுன்னா உயிருக்கு ஆவாது."

போ என்று கத்தினேன். போனாள்.

அன்று சாயங்காலமே ஜெபவீட்டுக்குப் போனேன். தங்கையைப் பார்க்க என்று நினைக்காதீர்கள். நேராகப் பாஸ்டரிடம் போனேன். ஊரில் இப்படி ஒரு பேச்சு, பேசியவள் இன்னார் என்று அப்படியே ஒப்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கோபப்படவே இல்லை. மஞ்சுளாவைக் கூப்பிட்டு, "உங்க அக்காவுக்குப் பதில் சொல்லும்மா" என்றார். அவள் வாசற்படியிலேயே நின்று தரையைப் பார்த்தபடி, "ஒன்னும் இல்லக்கா" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. நான் அவள் முகத்தையா பார்த்தேன்? பாஸ்டர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் மனசு நோகிறதோ என்று.

"செவ்வாய்க்கிழமை மஞ்சுளா துணியும் போவும் சிஸ்டர். நீங்களே போய் ஏரில பாருங்க. அந்தச் சகோதரிக்காக ஜெபம் பண்ணுவோம்" என்றார். அந்த வாரத்து மூட்டையில் அவளுடைய தீட்டுத் துணி இருக்கும் என்று ஓர் ஆண்பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. மடச்சி.

செவ்வாய்க்கிழமை ஏரிக்குப் போனேன். கோடையில் தண்ணீர் வற்றி, துவைக்கிற கல் பாதி வெளியே தெரிந்தது. பாப்பம்மாள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடித்த வெள்ளைத் துணி ஒன்று விழுந்தது. மேலே ரத்தக்கறை. ஓரத்தில் ஒரு கோடு, இரண்டு புள்ளி.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. "பாத்தியாடி? இப்ப இன்னா சொல்ற?" என்றேன்.

அவள் துணியைக் கல்லின்மேல் வைத்து ஒவ்வொரு மடிப்பாக விரித்தாள். "இங்க வந்து பாரும்மா" என்றாள். கறை மேல் மடிப்பில் மட்டும் திட்டாக இருந்தது. அடுத்ததில் லேசாக ஊறியிருந்தது. மூன்றாவதும் நாலாவதும் வெள்ளை வெளேரென்று இருந்தன. இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. "கட்டின துணி இப்படியாம்மா இருக்கும்? நீயும் பொம்பளதானே" என்றாள். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். "கோழி" என்றாள்.

நான் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ ஏமாற்றினார்கள், நானும் ஏமாந்தேன் என்று ஊருக்குள் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது பொய். ஏரிக்கரையில் நின்றபோதே எனக்குத் தெரியும். அந்த மனுஷன் பொய் என்றால், அவர் ஜெபத்தில் பிறந்த என் பிள்ளை எப்படிப் பிறந்தாள்? என் பிள்ளைக்காக என் தங்கையைக் கொடுத்தேனே, அதை எதற்குக் கொடுத்தேன்? புருஷன் என்ன சொல்வான், ஊர் எப்படிக் காறித் துப்பும்? இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் என் தலைக்குள் ஓடியது. மஞ்சுளா மட்டும் ஓடவில்லை.

"பேசாம தொவைச்சுடு" என்றேன்.

"மாட்டேம்மா. இத்த நான் தொவைக்க மாட்டேன். இத எடுத்துக்கினு போயி உன் வூட்டுக்காரருக்குக் காட்டு. அந்தப் பொண்ணக் கூட்டியாந்துடு."

நான் துணியைப் பிடுங்கித் தண்ணீரில் முக்கினேன். கல்லில் வைத்துக் கசக்கினேன். அந்தத் துறையில் என் ஆயுசில் நான் துணி துவைத்தது அன்று ஒரு நாள்தான். பாப்பம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறை முழுக்கப் போகவில்லை, எனக்குத் துவைக்கத் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்லும் நேரம் வந்தது. நோய் தீர்ந்தவர்கள், கஷ்டம் தீர்ந்தவர்கள் எழுந்து நின்று சொல்வார்கள். எல்லாம் முடிந்ததும் பாஸ்டர் பாப்பம்மாளை எழுந்திருக்கச் சொன்னார். "நம்ம சபைல ஓர் ஆத்துமா தேவனுடைய பிள்ளைமேல பொய்ச்சாட்சி சொல்லிடுச்சு" என்றார். சபையே திரும்பிப் பார்த்தது. அவர் குரலை இறக்கினார். "நாங்க உங்களைத் தள்ளல சகோதரி ஞானம்மா. தப்புன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டு உங்க எடத்துல உக்காருங்க."

அவள் பாயைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் தெரியுமா? ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாரோடும் உட்காரலாம். 'வாங்க' என்று கூப்பிடுவார்கள். சொல்லிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன், சொல்லித் தொலையேன் என்று உள்ளுக்குள் பல்லைக் கடித்தேன். அவள் சொல்லவில்லை. பெண்கள் வரிசையைத் தாண்டி முன்னால் நடந்தாள். ஐந்து சிஸ்டர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் மஞ்சுளாவுக்கு நேரே கையை நீட்டினாள்.

"ஏந்து வாம்மா. போலாம். நான் கீறேன்."

மஞ்சுளாவின் கை மடியிலிருந்து மேலே வந்தது. நான் பார்த்தேன். வந்த கை நடுவில் நின்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு நான் தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். நான் எழுந்து நின்றேன். "ஸ்தோத்திரம்" என்றேன். "செவ்வாய்க்கிழமை துணி வந்துது. நான் என் கண்ணால பாத்தேன். என் தங்கச்சிமேல பழி சொன்னது பொய்." சபை அல்லேலூயா என்றது. மஞ்சுளாவின் கை திரும்ப மடிக்குப் போயிற்று. பாப்பம்மாள் இன்னும் கொஞ்ச நேரம் கையை நீட்டியபடியே நின்றாள். அப்புறம் வெளியே போனாள்.

அதற்குப் பிறகு ஜெபவீட்டுத் துணி அவளுக்குப் போகவில்லை. நானும் போடவில்லை. மஞ்சுளா இருபத்தோரு நாள் உபவாசத்தில் இருக்கிறாள், யாரும் பார்க்கக் கூடாது என்றார்கள். ஒரு நாள் மனசு கேட்காமல் போனேன். வாசலிலேயே மறித்து, "ஜெபத்துல கீது சிஸ்டர், பேசக் கூடாது" என்று அனுப்பிவிட்டார்கள். அவளுக்கு உடம்புக்கு எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. உபவாசம் இருக்கிறவளின் அக்கா என்ற பெருமையோடு திரும்பி வந்தேன். உள்ளே கருவைக் கலைக்க அவளுக்கு ஏதோ வேரை அரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மருந்து கூடாது என்று பிரசங்கம் பண்ணிய வீட்டில்.

ஆடி மாதம் முதல் வாரம். விடிந்து பால் கறக்கிற நேரம். எல்லாரும் காலை ஜெபத்தில் இருக்கும்போது மஞ்சுளா சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்திருக்கிறாள். சேலையெல்லாம் ரத்தம். நடந்து நடந்து, உட்கார்ந்து உட்கார்ந்து, பாப்பம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். ஜெபவீட்டிலிருந்து அங்கே போக என் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. நான் உள்ளே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன்.

பாப்பம்மாள் பால் வேனை மறித்து, கையில் காலில் விழுந்து, அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். தண்டவாளம் தாண்டும்போது முதுகில் சுமந்தாளாம். ஆஸ்பத்திரியில் நீ யார் என்று கேட்டதற்கு, அம்மா என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறாள். அங்கே நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். இன்னும் மூன்று வாரம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். மூன்று வாரம் முன்னால் என்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். இரண்டாம் நாள் மத்தியானம் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பால் வேன்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் போனபோது பாப்பம்மாள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்தேன் தெரியுமா? அவள் மேல் விழுந்து அடித்தேன். "ஏன்டி எனக்குச் சொல்லி அனுப்பல, நீ யாருடி எனக்குச் சொல்லாம இருக்க" என்று தலைமயிரைப் பிடித்து உலுக்கினேன். அவள் தடுக்கவில்லை. நர்ஸ்கள் வந்து என்னைப் பிரித்தார்கள்.

ஊருக்கு வந்ததும் கோதண்டம் முந்திக்கொண்டார். சபையைவிட்டுத் தள்ளின வண்ணாத்தி வன்மம் வைத்து மருந்து கொடுத்துவிட்டாள் என்றார். போலீஸில் பாப்பம்மாளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. ஊர் நடுவில் நின்று கத்தினேன். கோழி ரத்தத்தைச் சொன்னேன், மடிப்பைச் சொன்னேன், நானே துவைத்ததைச் சொன்னேன். மண்ணை வாரி இறைத்தேன். கூட்டத்தில் மீனம்மாள் என்று எங்கள் சபைக்காரி ஒருத்தி இருந்தாள். அவள் அமைதியாகக் கேட்டாள். "அப்ப அன்னிக்கு சபைல ஏந்து நின்னு நீ சொன்னது பொய்யா சிஸ்டர்? எது பொய், அதுவா, இதுவா?" யாரும் என்னை நம்பவில்லை. அந்த ஆளைக் காப்பாற்றியது என் சாட்சிதான்.

பாப்பம்மாளைச் சும்மா விட்டுவிட்டார்கள், ஆதாரம் இல்லை என்று. கோதண்டம் மாதக் கடைசியில் ஊரைவிட்டுப் போய் வேறு ஜில்லாவில் பெரிய சபை கட்டினார். இப்போது செத்துவிட்டார். முன்னோடி ஊழியக்காரர் என்று அவரைப் பற்றிப் புத்தகம் போட்டிருக்கிறார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். எங்கள் ஊர் ஒரே ஒரு வரியில் வருகிறது: 'வடக்குப்பட்டில் சில சோதனைகளைச் சந்தித்தார்.' என் தங்கைக்கு அதில் பெயரில்லை. த்தூ!

பாப்பம்மாள் இதே ஊரில்தான் இருந்தாள். வேறெங்கே போவாள்? நான் சபையை விட்டேன், ஜெபத்தையும் விட்டேன். அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தனியாக உட்கார்ந்து, தெரிந்த நாலு பாட்டைப் பாடுவாள். "இன்னுமா அந்தச் சாமியக் கும்பிடுற?" என்று ஒரு நாள் கோபமாகக் கேட்டேன். "அவரு இன்னா பண்ணாரு பாவம், அவரா கோழி அறுத்தாரு?" என்றாள். ஒரகடத்தில் கம்பெனிகள் வந்து, எங்கள் ஊரில் ரூம் எடுத்துத் தங்கிய பையன்கள் பெருகினார்கள். அவர்களுக்கு யூனிபாரம் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். திருநெல்வேலிப் பையன்கள் அவளை ஆச்சி என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் ஏக சந்தோஷம். நான் எத்தனையோ தடவை முன்வாசல் வழியாக வா, உள்ளே வந்து உட்கார் என்று கூப்பிட்டேன். "இருக்கட்டும்மா" என்று தோட்டத்துப் பக்கமே வருவாள். தண்டிக்கிறாளோ என்று நினைப்பேன். அப்படியெல்லாம் இல்லை, அவளுக்கு என் வீட்டுக்குள் வரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மஞ்சுளா போய் இருபது வருஷம் கழித்து, பாப்பம்மாள் நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டாள். கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில் நேரம். வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தாள். இனிமேல் கேட்க முடியாது என்று தோன்றியது.

"பாப்பம்மா, அன்னிக்கு மஞ்சுளா என் வூட்டைத் தாண்டி உன் வூட்டுக்குப் போனாளே, அத நான் தாங்கிக்கினேன். ரெண்டு நாள் உயிரோட இருந்தாளே. நீயாவது எனக்கு ஓர் ஆள் சொல்லி அனுப்பியிருக்கலாமில்ல?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அத்த வுடும்மா."

"சொல்லு. நீ சொல்லாம நான் இங்கருந்து போவ மாட்டேன்."

ரொம்ப நேரம் இருமினாள். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"நான் கேட்டேம்மா. பெட்ல படுக்க வெச்சதுமே கேட்டேன். அக்காவுக்கு ஆள் அனுப்பட்டுமான்னு. ராத்திரி ஒருவாட்டி கேட்டேன். சாவறதுக்கு மின்னாடி ஒருவாட்டி கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

"வாணாம், அக்கா திட்டும்னுச்சு."

மூன்று தடவையும் அதையேதான் சொன்னாளாம்.